சந்தாபுராவிலிருந்து வைட்ஃபீல்டுக்கு, ஒரு டயர் வெடிப்பைப் பார்க்கப் போன கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தாபுராவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து வைட்ஃபீல்டுக்குக் கார்ப் பந்தயம் பார்க்கப் போனேன். பந்தயம் நடந்தது வைட்ஃபீல்டில் இல்லை, கடல் கடந்து வேறொரு நாட்டில். வைட்ஃபீல்டில் இருந்தது திரை மட்டும்தான். ஒரு திரையைப் பார்க்க இரண்டரை மணி நேரம் பயணமா என்று என் கணவர் கேட்டார். வீட்டில் பார்த்தால் தனியாகக் கத்த வேண்டும், அங்கே நாற்பது பேரோடு சேர்ந்து கத்தலாம் என்றேன். அவர் பேப்பருக்குள் போய்விட்டார்.

பெங்களூரில் இப்படி ரசிகர்கள் கூடிப் பார்க்கும் இடங்களுக்கு எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று பழைய பதிவுகளுக்குக் கீழே நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் வழியும் கட்டணமும் எழுதி முடிப்பதற்குள் வேறொரு விஷயம் குறுக்கே வந்து நின்றுகொள்கிறது. அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். எந்தத் தொடர், எந்த நாட்டு ஓடுதளம், எந்த டயர் நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. என்னோடு வந்தவனின் பெயரையும் மாற்றிவிட்டேன். சந்துரு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை முதலில் அவனுக்குத்தான் படிக்கக் கொடுத்தேன். இரண்டு வரிகளை எடுக்கச் சொன்னான், எடுத்துவிட்டேன்.

சந்துரு எங்கள் அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. ஓசூர்க்காரன், முப்பது வயது, என்னை அக்கா என்று கூப்பிடுவான். எலெக்ட்ரானிக் சிட்டியில் அவனுக்கு ஓர் அலுவலகம், எனக்கு வேறோர் அலுவலகத்தில் சம்பளப் பிரிவு. அடுக்குமாடிச் சங்கம் ஏற்பாடு செய்த வேனில் தினமும் சேர்ந்து போவோம். டயரைக் கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பது அவன் வேலை. எந்த வேகத்தில் எவ்வளவு சூடாகும், எங்கே முதலில் கிழியும் என்றெல்லாம் கணக்குப் போடுவார்கள். பந்தயக் கார்கள் அத்தனைக்கும் டயர் கொடுக்கும் நிறுவனத்தின் வேலை அவன் அலுவலகத்துக்கு வந்தது இரண்டு வருடம் முன்னால். அன்றைக்கு வேனில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தான். ஆக, வேனுக்கே தெரிந்த விஷயம்தான்.

அந்த வாரப் பந்தயத்தில் வெள்ளிக்கிழமையே குழப்பம் ஆரம்பித்துவிட்டது. பயிற்சி ஓட்டத்தில் இரண்டு கார்களுக்கு, ஒரே வளைவில், இடது பின் டயர் வெடித்தது. பந்தயம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் தரையை நன்றாகப் பிடிக்கும், வேகம் கூடும். ஆனால் டயரின் பக்கச்சுவர் அதிகமாக மடங்கி நிமிர்ந்து சூடேறும். அணிகள் விதியை ஏமாற்றிக் காற்றைக் குறைத்து ஓட்டின என்றது டயர் நிறுவனம். சொன்ன அளவுக்குத்தான் அடித்தோம், டயரே சரியில்லை என்றன அணிகள். ஓடுதளத்து ஓரக்கல் கூர்மையாக இருக்கிறது என்றது மூன்றாவது தரப்பு. கடைசியில் அமைப்பாளர்கள் ஒரு விதி போட்டார்கள். ஒரு டயர் பதினெட்டுச் சுற்றுக்கு மேல் ஓடக் கூடாது. பந்தயம் மொத்தம் ஐம்பத்தாறு சுற்று என்பதால் எல்லாரும் குறைந்தது மூன்று முறை நின்று மாற்றியாக வேண்டும்.

ரசிகர்கள் கொதித்தார்கள். பந்தயமா, பள்ளி ஆண்டு விழா ஓட்டப் போட்டியா என்று கேட்டார்கள். நானும் கேட்டேன்.

காலை 6.40-க்குக் கிளம்பினோம். சந்தாபுராவிலிருந்து பொம்மசந்திரா மெட்ரோ நிலையம் ஐந்து கிலோமீட்டருக்குள்தான். ஆட்டோ 120 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை முதல் ரயில் ஏழு மணிக்கு. மற்ற நாள் மாதிரி சீக்கிரம் இருக்கும் என்று நம்பிப் போய் வாசலில் நிற்காதீர்கள். பொம்மசந்திராவிலிருந்து வைட்ஃபீல்டு வரை டிக்கெட் 90 ரூபாய். மஞ்சள் வழித்தடத்தில் ஆர்.வி. ரோடு, அங்கே மாறிப் பச்சையில் மெஜஸ்டிக், அங்கே மாறி ஊதாவில் கடைசி நிலையம் வரை. வரைபடத்தில் பார்த்தால் பக்கத்து வீட்டுக்குப் போக ஊரையே ஒரு சுற்று சுற்றி வருவது போலத்தான் இருக்கும். சாலையில் போனால் சர்ஜாபுரா, தொம்மசந்திரா, வர்த்தூர் வழியாக 29 கிலோமீட்டர்தான். இருந்தாலும் மெட்ரோவில் போவோம் என்று நான்தான் அடம் பிடித்தேன். உட்கார்ந்துகொண்டே எல்லாச் செய்தியையும் படித்துவிடலாம் என்பது என் திட்டம்.

படித்தேன். அதுதான் தப்பாகப் போயிற்று. ஹொசா ரோடு வரும்போது நான் டயர் நிறுவனத்தின் பக்கம் இருந்தேன். பொம்மனஹள்ளியில் ஒரு பழைய ஓட்டுநரின் பேட்டியைப் படித்துவிட்டு அணிகளின் பக்கம் வந்தேன். சில்க் போர்டில் ஒருவர் அம்புக்குறி எல்லாம் போட்டு ஓரக்கல்லின் படத்தை விளக்கியிருந்தார், அது அதைவிட நியாயமாக இருந்தது. ஆர்.வி. ரோட்டில் ரயில் மாறும்போது எனக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை. மூன்று பேருமே சரியாகப் பேசுகிறார்கள், மூன்று பேரும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியாது.

சந்துரு போனைத் தொடவே இல்லை. "நீ என்னடா நினைக்கிற?" என்று கேட்டேன்.

"இன்னைக்கு லீவு அக்கா. வேலை பத்திக் கேக்காதீங்க."

"வேலை பத்தி இல்லைடா. ரேஸ் பத்தி."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை அலுப்பு என்று நினைத்து விட்டுவிட்டேன். எங்கள் சம்பளப் பிரிவில் யாராவது ஞாயிற்றுக்கிழமை பி.எஃப். பற்றிக் கேட்டால் நானும் அப்படித்தான் சொல்வேன்.

மெஜஸ்டிக்கில் மாறும்போது மணி 8.05. ஊதா வழித்தடத்தில் அந்த நேரத்தில் உட்கார இடம் கிடைக்கும். கே.ஆர். புரம் தாண்டியதும் அணிச் சட்டை போட்ட ஆட்கள் ஏற ஆரம்பித்தார்கள். 9.10-க்குக் கடைசி நிலையம். அங்கிருந்து அடுக்குமாடிக் குடியிருப்பு இரண்டரை கிலோமீட்டர், ஆட்டோ 70 ரூபாய். ஓட்டுநர் அல்சூர்த் தமிழர். கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னா மேடம், அங்க எதுனா கல்யாணமா? காலைலேர்ந்து ஒரே மாதிரி சட்டை மாட்டிக்கினு நாலஞ்சு பேரை எறக்கி வுட்டேன்."

கார் ரேஸ் என்று சொன்னேன். டயர் வெடித்த கதையையும் சொன்னேன்.

"நம்ம முன்சக்கரம் மொட்டையாயி ரெண்டு மாசம் ஆச்சு. அதெல்லாம் வெடிக்காது மேடம். நாப்பதுக்கு மேல நாம எங்க போறோம், டிராஃபிக்ல."

இறங்கியதும் சந்துரு பணம் கொடுக்காமல் குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தான். விரலால் ஒரு பக்கமாகத் தடவினான். "அண்ணா, இந்த சைடு உள்ள நூல் தெரியுது. இன்னைக்கே மாத்திடுங்க. நாப்பதுல போனாலும் வெடிச்சிரும்" என்றான். அவர் இறங்கி வந்து பார்த்தார். இரண்டு பேரும் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசினார்கள். நான் கேட் காவலாளியிடம் பெயர், போன் எண், யார் வீட்டுக்கு, எதற்கு என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இதற்கு மட்டும் பத்து நிமிடம் ஒதுக்கி வையுங்கள்.

குடியிருப்பின் கிளப் ஹவுஸில் பெரிய திரை, நாற்பது நாற்காலி. நுழைவு 400 ரூபாய், தட்டு இட்லியும் காப்பியும் சேர்த்து. நடத்துபவர் முரளி. நான்கு தலைமுறையாகப் பெங்களூர்த் தமிழர். மல்லேஸ்வரத்தில் பிறந்து வைட்ஃபீல்டில் மேலாளராக இருக்கிறார். தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் திரும்பி, ஆங்கிலத்தில் நிறுத்துவார். நல்ல மனிதர், அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிவில் அவர் அப்படித் தெரியமாட்டார்.

இந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவர்கள் எழுந்து, மைக்கைப் பிடித்து, மூன்று விஷயம் சொல்ல வேண்டும். பெயர், எந்த அணி, எங்கே வேலை. பந்தயம் பார்க்க வந்த இடத்தில் வேலை எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பெங்களூரில் பெயருக்கு அடுத்து வருவது அதுதான். கல்யாணப் பந்தியிலும் கேட்பார்கள், லிஃப்டிலும் கேட்பார்கள்.

"ஓகே குரு, நியூ ஃபேஸ் யாரெல்லாம் இருக்கீங்க? பேரு, டீம், ஒர்க். மூணே மூணு, சீக்கிரம் சீக்கிரம்" என்றார் முரளி.

சந்துரு எழுந்தான். "சந்துரு. டீம் அப்படி எதுவும் இல்ல, எல்லாரையும் பிடிக்கும்" என்று உட்காரப் போனான்.

"ஒர்க்?"

"சும்மா... சிமுலேஷன்."

அந்த "சும்மா" எனக்குப் பொறுக்கவில்லை. நாற்பது பேரில் ஒவ்வொருவனும் தன் வேலையை ராக்கெட் விடுவது போலச் சொல்லிக்கொண்டிருக்கும்போது இவன் ஏன் இப்படிக் கூச வேண்டும்? எட்டி மைக்கை வாங்கினேன். "சும்மா எல்லாம் இல்லைங்க. டயர் சிமுலேஷன். இப்போ திரையில ஓடப்போகுதே, அந்த டயர் கம்பெனிக்கேதான் இவங்க பண்றாங்க" என்றேன். கூட்டம் கைதட்டியது. யாரோ விசில் அடித்தார்கள். சந்துரு தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், ரொம்பப் பெருமையாக இருந்தது.

பந்தயம் 10.30-க்கு. முதல் பத்துச் சுற்று வழக்கம் போலத்தான். பதினோராவது சுற்றில், முன்னால் போய்க்கொண்டிருந்த காரின் இடது பின் டயர் அதே வளைவில் வெடித்தது. கார் திரும்பிச் சுவரில் மோதி, மறுபடி ஓடுதளத்துக்குள் வந்து நின்றது. ஓட்டுநரின் தலை அசையவில்லை. கிளப் ஹவுஸில் பாதிப் பேர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். ஒரு நிமிடம் இருக்கும், அவர் கையைத் தூக்கினார். மணிக்கட்டும் இரண்டு விலா எலும்பும் முறிந்திருந்தன என்பது பிறகு தெரிந்தது. பதினெட்டுச் சுற்று தாங்கும் என்று சொன்ன டயர் அது. பதினொன்றில் போய்விட்டது.

சிவப்புக் கொடி காட்டி நிறுத்தினார்கள். ஐம்பத்தைந்து நிமிடம் எதுவும் நடக்கவில்லை. பிறகு மூன்று அணிகள், மீண்டும் ஓட மாட்டோம், எங்கள் ஓட்டுநர்களை இந்த டயரில் அனுப்ப மாட்டோம் என்று அறிவித்தன. மீதி அணிகள் ஓடும் என்றன. 11.50-க்குப் பதினான்கு கார்கள் மட்டும் மெதுவாகக் கிளம்பின. அங்கே ஓடுதளத்தில் மக்கள் தண்ணீர்ப் புட்டிகளை எறிந்தார்கள். இங்கே கிளப் ஹவுஸில் ஊளையிட்டார்கள். "கோழைங்க", "ரீஃபண்ட் குடு" என்று கத்தினார்கள்.

நானும் ஊளையிட்டேன். இரண்டு கையையும் வாயருகே குவித்து வைத்துக்கொண்டு. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அந்த ஆள் கையைத் தூக்க வேண்டுமே என்று கடவுளை வேண்டிக்கொண்டிருந்தவள் நான். அப்புறம் ஓட மாட்டேன் என்றவர்களைப் பார்த்து எதற்காக ஊளையிட்டேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. சுற்றியிருந்த எல்லாரும் செய்தார்கள் என்பது காரணமாகுமா? வேறு காரணம் கிடைக்கவில்லை.

சந்துரு ஊளையிடவில்லை. முழங்காலில் கையை ஊன்றி, திரையில் வெடிப்பை மெதுவாகத் திரும்பக் காட்டும்போதெல்லாம் முன்னால் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினான்கு கார்கள் ஊர்வலம் போவதை யாரும் பார்க்கத் தயாராக இல்லை. முரளி ஒலியைக் குறைத்துவிட்டு மைக்கோடு எங்கள் வரிசைக்கு வந்தார். "நம்ம கையிலேயே இன்சைடர் இருக்காரே. சந்துரு, சொல்லுங்க குரு. டயர் வீக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா? எஸ் ஆர் நோ, அவ்ளோதான்."

போன்கள் உயர்ந்தன. பத்துப் பன்னிரண்டு இருக்கும்.

"எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல சார்."

"அப்போ தெரியும்னு அர்த்தம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லிட்டுப் போகலாமே" என்றார் முரளி. கோபத்தில் இல்லை. அலுவலகக் கூட்டத்தில் பதில் வாங்காமல் விடமாட்டார்களே, அந்தப் பிடிவாதம்தான்.

சந்துருவின் காது சிவந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் வாய் முன்னால் போகும், மூளை பின்னால் வரும். எழுந்து மைக்கைப் பிடுங்கினேன். "அவனை ஏன் கேக்குறீங்க? கையெழுத்து வாங்கித்தான் வேலையில வெச்சிருப்பாங்க. டயர்ல என்ன ஓட்டை இருந்தாலும் வெளிய சொல்ல முடியாது அவனால. விடுங்க அவனை."

கூட்டம் "ஓ" என்றது. காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சந்துரு என் பக்கம் திரும்பி, மெதுவாக, "போலாமா அக்கா?" என்றான்.

12.40-க்கு வாடகைக் கார் பிடித்தோம். வர்த்தூர், தொம்மசந்திரா, சர்ஜாபுரா வழி, 860 ரூபாய். ஞாயிறு மதியம் ஒரு மணி இருபத்தைந்து நிமிடம் ஆனது. இதையே வெள்ளிக்கிழமை மாலை செய்தால் நேரத்தை நான் சொல்ல மாட்டேன், நீங்களே அனுபவியுங்கள். ஓட்டுநர் ஆனேக்கல்காரர். சந்துரு தலையில் இருந்த ரேஸ் தொப்பியைப் பார்த்துவிட்டு, "ரேஸ் பாத்துட்டு வரீங்களா சார்? யாரு வின்?" என்றார்.

"தெரியலண்ணா. பாதியிலேயே வந்துட்டோம்."

"அவ்ளோ மோசமா?"

தொம்மசந்திரா சிக்னலில் நிற்கும்போது சந்துருவின் போன் அதிர ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. அவனோடு கல்லூரியில் படித்த ஒருவன் ஒரு காணொளியை அனுப்பியிருந்தான். கிளப் ஹவுஸில் எடுத்தது. முதலில் சந்துருவின் குனிந்த முகம், பிறகு நான், மைக்கோடு. மேலே, 'ஓட்டை தெரிந்தும் வாயைப் பூட்டிய டயர் நிறுவனம்: பெங்களூர் எஞ்சினியர்' என்று போட்டிருந்தார்கள். அதற்குள் பல ஆயிரம் பேர் பார்த்திருந்தார்கள். அதில் அவனை வீரன் என்று எழுதியவர்கள் இருந்தார்கள், கொலைகாரன் என்று எழுதியவர்களும் இருந்தார்கள். ஒரே மனிதன், ஒரு வார்த்தை பேசாமல், முக்கால் மணி நேரத்தில் இரண்டும் ஆகிவிட்டான்.

"நான் அந்த அர்த்தத்துல சொல்லலைடா" என்றேன்.

"தெரியும் அக்கா."

"எந்தக் கம்பெனின்னு சொல்லக் கூடாதுன்னு எனக்கு யாருமே சொல்லலையே. மைசூர்பாகு குடுத்தியே."

"அப்போ நான் ஜூனியர். எனக்கே தெரியாது" என்றான். போனைக் கவிழ்த்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு சர்ஜாபுரா ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

திங்கட்கிழமை அவன் வேனில் வரவில்லை. காலையிலேயே அலுவலகத்தில் கூப்பிட்டுவிட்டார்களாம். வாடிக்கையாளரின் பெயரை வெளியே சொன்னதற்கு வேலை போகலாம் என்று மாலையில் வந்து அவன் மனைவிதான் சொன்னாள். ஓசூரில் வீட்டுக்கடன் இருக்கிறது, இவளுக்கு ஏழாம் மாதம். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு அவன் அலுவலகத்துக்குப் போனேன். வரவேண்டாம் என்றுதான் சந்துரு சொன்னான். பொம்மசந்திராவிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி நிலையம் நான்காவது நிறுத்தம், பத்து நிமிடம்கூட ஆகாது. அங்கே ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். மனிதவளப் பிரிவிலிருந்து ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"டயர் பத்தி உங்ககிட்ட அவர் ஏதாவது சொன்னாரா மேடம்?"

"ஒரு வார்த்தை சொன்னதில்லை."

"ஓட்டை இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்க."

"கையெழுத்து வாங்கியிருக்கோம்னு?"

"எல்லா ஆபீஸ்லயும் வாங்குவாங்க. என்கிட்டயும் வாங்கியிருக்காங்க. அதை வெச்சுச் சொன்னேன்."

"அப்போ ஏன் மேடம் மைக்ல சொன்னீங்க?"

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தேன். அவனைக் காப்பாற்ற என்று சொல்லலாம். ஆனால் முதல் தடவை மைக்கை வாங்கியது காப்பாற்ற இல்லையே. இவன் என் ஆள் என்று காட்டிக்கொள்ளத்தானே. "தெரியலைங்க" என்றேன். நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். இரண்டு பக்கம் எழுதி, கிளப் ஹவுஸில் டயரைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை, இரண்டு தடவையும் சொன்னது நான்தான் என்று கையெழுத்துப் போட்டேன்.

முரளியையும் கூப்பிட்டுச் சண்டை போட்டேன். அவர் அந்தக் காணொளியைப் போட்டவரைத் தேடிப் பிடித்து நீக்க வைத்தார். அதற்குள் அது பத்து இடங்களில் இருந்தது. "நான் ஜஸ்ட் கேட்டேன் மேடம், ஜஸ்ட் ஒரு கொஸ்டின்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரும் குழம்பித்தான் போயிருந்தார். பாவம், நான் பாதிதான் அவரைத் திட்ட முடிந்தது. மீதி எனக்குச் சேர வேண்டியது.

போக நினைப்பவர்களுக்கு விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேராகப் போனால், போக மெட்ரோ, வரக் கார், உள்ளே சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 1,015 ரூபாய் ஆகிறது. போகும்போது வீட்டுக் கதவிலிருந்து குடியிருப்பு வாசல் வரை 2 மணி 40 நிமிடம். சந்தாபுராப் பக்கம் இருப்பவர்கள் ஞாயிறு காலையில் சாலை வழியே போவதுதான் புத்திசாலித்தனம், என்னைப் போல ஊரைச் சுற்றாதீர்கள். அடையாள அட்டை எடுத்துப் போங்கள். இட்லி ஒன்பதரைக்கே தீர்ந்துவிடும். கூடக் கூட்டிப்போகிறவரின் வேலையை நீங்கள் சொல்லாதீர்கள், அவர் "சும்மா" என்றால் சும்மாவாகவே இருந்துவிட்டுப் போகட்டும். கையில் மைக் வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

டயர் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இதுவரை மூன்று அறிக்கைகள் வந்திருக்கின்றன, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. விசாரணை நடக்கிறது என்கிறார்கள். நான் எல்லாவற்றையும் படித்தேன். பொம்மனஹள்ளிக்கும் சில்க் போர்டுக்கும் நடுவில் எங்கேயோதான் இன்னும் நிற்கிறேன்.

மூன்று வாரம் கழித்து, போன வெள்ளிக்கிழமை, சந்துரு மறுபடி வேனில் ஏறினான். அவ்வளவு நாளும் பைக்கில் போய்க்கொண்டிருந்தான், எனக்காகத்தான் வேனைத் தவிர்த்தான் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு என் பக்கத்திலேயே உட்கார்ந்தான். வேலை போகவில்லை என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேனில் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"வேற டீமுக்கு மாத்திட்டாங்க அக்கா. ஃபோர்க்லிஃப்ட் டயர். குடோன்ல பெட்டி தூக்குற வண்டி இருக்கில்ல, அதோடது. உள்ள காத்தே கிடையாது, மொத்தமும் ரப்பர்."

"அப்போ வெடிக்காதா?"

"வெடிக்காது."

மன்னிச்சிருடா என்றேன். நீங்க வேணும்னேவா பண்ணீங்க, விடுங்க என்றான். விட்டிருக்க வேண்டும். ஆனால் மூன்று வாரமாக என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருப்பதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. இனி அது அவன் வேலையும் இல்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு கேட்டேன். "அன்னைக்கு உனக்குத் தெரியுமா? டயர் தப்பா, டீம்காரங்க தப்பா?"

"அன்னைக்கு எனக்கும் தெரியாது அக்கா" என்றான். "வெடிச்சதுக்கு அப்புறம்தான் அதைக் கண்டுபிடிக்கவே முடியும். கிழிஞ்ச டயரோட கணக்கை உள்ள போட்டு, எங்க ஆரம்பிச்சதுன்னு பின்னாடியிலேர்ந்து ஓட்டிப் பார்ப்போம். அதுக்குத்தான் ரெண்டு வருஷம் அந்த மாடலைக் கட்டினேன். இப்போ எனக்கு அந்த ஃபோல்டரே திறக்காது." எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துக்குக் கீழே வேன் திரும்பியது. அவன் பையை மாட்டிக்கொண்டு எழுந்தான்.

"இனிமே நானும் உங்களை மாதிரிதான் அக்கா. டிவியில சொன்னாத்தான் தெரியும்."